வாசலிலேயே முடிந்துபோன வழக்குகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்றில் வழக்கு தாக்கலாகும்போது, யார் பக்கம் நியாயம் இருக்கிறது என்று ஆராய்வதற்கு முன்பாகவே, அந்த வழக்கைக் கேட்கும் அதிகாரம் தனக்கு உண்டா என்ற கேள்விக்கு நீதிபதி விடை கண்டாக வேண்டும். வாதியும் பிரதிவாதியும் மனமொத்து இசைந்தாலும், இல்லாத அதிகாரத்தை அவர்களால் நீதிமன்றத்துக்கு வழங்கிவிட முடியாது. இரு தரப்பும் அதுபற்றி வாய் திறக்காவிட்டாலும், அக்கேள்வியைத் தாமாகவே எழுப்ப நீதிபதி கடமைப்பட்டவர். தீர்ப்பு வந்து மேல்முறையீடு நடக்கும் கட்டத்தில் அதிகாரம் இல்லையென்று தெரியவந்தால்கூட, கீழே பெற்ற தீர்ப்பு நிற்காது. அதிகார வரம்பு எனப்படும் இந்த விதித்தொகுதி, சட்டம் பயில்வோர் மட்டும் அக்கறை கொள்ளவேண்டிய நுணுக்கமாகத் தோன்றலாம். ஆனால் அந்நாட்டின் வரலாற்றில் அடிமைகள், பழங்குடியினர், தொழிலாளர்கள், விசாரணையின்றி அடைக்கப்பட்டவர்கள் ஆகியோரின் கதியைத் தீர்மானித்ததில் உரிமைகளைப் பற்றிய புகழ்பெற்ற தீர்ப்புகளுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அவ்வளவு பங்கு இவ்விதிகளுக்கும் உண்டு.

இந்தியாவில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமானாலும் மாநிலச் சட்டமன்றம் இயற்றிய சட்டமானாலும், மாவட்ட நீதிமன்றம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்ற ஒரே வரிசையில்தான் வழக்கு மேலேறுகிறது. அமெரிக்காவில் இரண்டு வரிசைகள் அருகருகே நிற்கின்றன. ஒவ்வொரு மாநிலத்துக்கும் அடிமட்டம் முதல் உச்சம் வரை சொந்த நீதிமன்றங்கள் உண்டு. சொத்து, ஒப்பந்தம், குடும்பம், குற்றம் என அன்றாட வாழ்வின் பெரும்பாலான வழக்குகள் அங்கேயே தீர்க்கப்படுகின்றன. அவற்றோடு கூட்டாட்சி அரசின் நீதிமன்றங்கள் தனியே இயங்குகின்றன. மாநில நீதிமன்றத்துக்குப் பொதுவான அதிகாரம் உண்டு என்பதே சட்டத்தின் அனுமானம். கூட்டாட்சி நீதிமன்றத்துக்கோ அதிகாரம் இல்லை என்பதே அனுமானம், உண்டு என்று காட்டும் பொறுப்பு அங்கே வழக்கு நடத்த விரும்புபவருடையது.

இந்த ஏற்பாடு 1787இல் பிலடெல்பியாவில் கூடிய அரசியலமைப்பு மாநாட்டில் எட்டப்பட்ட சமரசம் ஒன்றின் விளைவு. ஒரு சாரார் நாடு முழுவதும் கூட்டாட்சியின் கீழமை நீதிமன்றங்கள் வேண்டும் என்றனர். மறுசாரார், மாநில நீதிமன்றங்கள் இருக்கும்போது அவை எதற்கு, மாநிலங்களின் அதிகாரத்தை அவை விழுங்கிவிடும் என்றனர். முடிவில், உச்ச நீதிமன்றம் ஒன்று இருக்கும் என்று மட்டும் உறுதியாக எழுதிவிட்டு, கீழமை நீதிமன்றங்களை அமைப்பதும் அமைக்காததும் காங்கிரஸ் எனப்படும் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் விருப்பத்துக்கு விடப்பட்டது. அரசியலமைப்பின் மூன்றாம் பிரிவு, கூட்டாட்சியின் நீதி அதிகாரம் எந்தெந்த வழக்குகளை எட்டலாம் என்று பட்டியலிட்டது: அரசியலமைப்பு, கூட்டாட்சிச் சட்டங்கள், உடன்படிக்கைகள் ஆகியவற்றிலிருந்து எழும் வழக்குகள், வெளிநாட்டுத் தூதர்கள் சம்பந்தப்பட்டவை, கடல்சார் வழக்குகள், மாநிலங்களுக்கு இடையிலான தகராறுகள், வெவ்வேறு மாநிலக் குடிமக்களுக்கு இடையிலானவை முதலியன. பட்டியலில் இருப்பது உச்சவரம்பு. அதற்குள் எவ்வளவு தருவது என்பது காங்கிரஸின் கையில். அமைக்கும் அதிகாரம் உள்ளவருக்குக் குறைக்கும் அதிகாரமும் உண்டு என்று 1850இல் உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது.

1789 செப்டம்பரில் இயற்றப்பட்ட முதல் நீதித்துறைச் சட்டம் மிகுந்த சிக்கனத்தோடு அந்த அதிகாரத்தை அளந்து கொடுத்தது. 13 மாவட்ட நீதிமன்றங்களும், 3 சுற்று நீதிமன்றங்களும், 6 நீதிபதிகளைக் கொண்ட உச்ச நீதிமன்றமும் உருவாயின. வேறு மாநிலத்துக்காரர் ஒருவர், உள்ளூர் நீதிபதியும் நடுவர் குழுவும் தம் ஊர்க்காரர் பக்கம் சாய்ந்துவிடுவார்கள் என்று அஞ்சினால், 500 டாலருக்கு மேற்பட்ட வழக்கைக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தொடுக்கலாம். அதற்குக் குறைந்த தொகைக்காகச் சிறு கடனாளிகளைத் தொலைதூர நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது. இன்றைய வாசகருக்கு வியப்பளிக்கக்கூடியது, அச்சட்டத்தில் இல்லாமற்போன ஒன்றுதான். கூட்டாட்சிச் சட்டம் தந்த உரிமை மீறப்பட்டது என்று சொல்லிக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நேரடியாக வழக்கு தொடுக்கும் பொதுவான வழி அதில் வைக்கப்படவில்லை. அத்தகைய வழக்குகளும் மாநில நீதிமன்றத்தில்தான் தொடங்க வேண்டும். அங்கே அவ்வுரிமை மறுக்கப்பட்டால் உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். கூட்டாட்சி நீதிமன்றத்தில் நேரடியாகத் தொடங்கும் வழி 1801இல் திறக்கப்பட்டு, ஆட்சி மாறியபின் மறு ஆண்டே மூடப்பட்டது.

முதல் பத்தாண்டுகளில் வேறு இரண்டு எல்லைகளும் வரையப்பட்டன. விடுதலைப் போர்க்காலத்தில் ஜார்ஜியா மாநிலத்துக்குச் சரக்கு வழங்கிப் பணம் பெறாத தென் கரோலினா வணிகர் ஒருவரின் சார்பில், அவருடைய உயிலை நிறைவேற்றும் பொறுப்பேற்றிருந்த சிஸம் தொடுத்த வழக்கில், தனி மனிதர் ஒரு மாநிலத்தின் மீது வழக்கு தொடரலாம் என்று உச்ச நீதிமன்றம் 1793இல் நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. கடன் சுமையில் இருந்த மாநிலங்கள் கொதித்தெழுந்தன. இரண்டே ஆண்டுகளில் பதினோராவது திருத்தம் நிறைவேறி, பிற மாநிலக் குடிமக்கள் ஒரு மாநிலத்தின் மீது கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்காடும் வழி அடைபட்டது. அதே 1793இல், பிரான்சுடனான உடன்படிக்கைகள் பற்றியும் நடுநிலைமை பற்றியும் குடியரசுத் தலைவர் வாஷிங்டனின் அரசு 29 கேள்விகளை எழுதிச் சட்டக் கருத்து கேட்டபோது, தலைமை நீதிபதி ஜான் ஜேயும் மற்ற நீதிபதிகளும் அரசுக்கு ஆலோசனை கூறுவது தங்கள் பணியன்று என்று மறுத்துவிட்டனர். உண்மையான இரு தரப்புக்கு இடையே உண்மையான தகராறு இருந்தால்தான் நீதிமன்றம் பேசும் என்ற கோட்பாடு அங்கே வேரூன்றியது. இந்திய அரசியலமைப்பின் 143ஆவது பிரிவு இதற்கு நேர்மாறானது. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவை முறியடிக்கக் கர்நாடகம் கொண்டுவந்த அவசரச் சட்டம் பற்றி 1991இல் குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்டதும் உச்ச நீதிமன்றம் விடையளித்ததும் அப்பிரிவின் கீழ்தான்.

எல்லைகள் எல்லாம் தீயவை என்று கருதுவது தவறு. 1803ஆம் ஆண்டின் மார்பரி வழக்கில், உச்ச நீதிமன்றத்துக்கு அரசியலமைப்பு அனுமதித்ததைவிடக் கூடுதலான அதிகாரத்தை ஒரு சட்டப்பிரிவு தந்துவிட்டது என்று கூறித்தான் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் அப்பிரிவைச் செல்லாதென அறிவித்தார்; உலகின் பல நாடுகள் பின்பற்றிய நீதிப் புனராய்வு அதிகாரம், ஒரு நீதிமன்றம் தன் எல்லையைத் தானே மதித்த இடத்தில் நிலைநாட்டப்பட்டது. தேர்ந்தெடுக்கப்படாத, ஆயுட்காலம் பதவி வகிக்கும் நீதிபதிகள் எல்லாவற்றிலும் கை வைக்காமல் தடுப்பதற்கு வரம்பு தேவை என்பதை மறுக்க முடியாது. வரம்பின் தன்மையை அறிய வேறொரு கேள்வியைக் கேட்க வேண்டும். ஒரு நீதிமன்றம் கதவை மூடும்போது, நியாயம் கேட்டு வந்தவருக்குத் தட்டுவதற்கு இன்னொரு கதவு இருக்கிறதா? இருந்தால் அது வேலைப் பங்கீடு. இல்லாவிட்டால் அது நீதி மறுப்பு.

இந்த உரைகல்லில் 1831ஆம் ஆண்டின் செரோக்கி வழக்கு தேறாது. பழங்குடியினரான செரோக்கி மக்கள் தங்கள் நிலத்தை உடன்படிக்கைகளால் உறுதிப்படுத்திக்கொண்டவர்கள். எழுத்தும் அரசியலமைப்பும் செய்தித்தாளும் கொண்டிருந்தவர்கள். அவர்களுடைய நிலத்தில் தங்கம் கிடைத்தபின், ஜார்ஜியா மாநிலம் தன் சட்டங்களை அந்நிலத்தின் மீது நீட்டி, அவர்களுடைய ஆட்சியைச் செல்லாததாக்கியது. முன்னாள் அட்டர்னி ஜெனரல் வில்லியம் வர்ட்டை வழக்கறிஞராக அமர்த்திக்கொண்டு, தாங்கள் ஓர் அயல்நாடு என்ற முறையில் அவர்கள் நேரே உச்ச நீதிமன்றத்தை அணுகினர். மாநிலத்துக்கும் அயல்நாட்டுக்கும் இடையிலான வழக்கை அங்கே தொடங்க அரசியலமைப்பு இடம் தந்திருந்தது. செரோக்கியர் அயல்நாடு ஆகார், உள்நாட்டிலேயே சார்ந்து வாழும் ஒரு தேசம் என்று சொல்லி, வழக்கைக் கேட்க அதிகாரமில்லை என்று மார்ஷல் தள்ளுபடி செய்தார். அவர்கள் முறையிட வேறு எங்கும் இடமில்லை. ஜார்ஜியாவின் நீதிமன்றங்களில் அவர்களின் சாட்சியமே வெள்ளையருக்கு எதிராக ஏற்கப்படாது என்று அம்மாநிலம் சட்டம் செய்திருந்தது.

மறு ஆண்டில் நடந்தது இன்னும் கூர்மையானது. அனுமதிச் சீட்டு இல்லாமல் செரோக்கி நிலத்தில் வசித்ததற்காக ஜார்ஜியாவால் சிறையிடப்பட்ட சாமுவேல் வூஸ்டர் என்ற வெள்ளைப் பாதிரியாரின் மேல்முறையீட்டை அதே நீதிமன்றம் ஏற்று, ஜார்ஜியாவின் சட்டங்களுக்கு அந்நிலத்தில் வலு இல்லை என்று தீர்ப்பளித்தது. நிலமும் அதுவே, சட்டமும் அதுவே. மனுதாரர் மட்டும் வேறு. ஒரு முழு மக்கள் கூட்டம் கேட்டபோது திறக்காத கதவு, தண்டிக்கப்பட்ட ஒரு தனி மனிதருக்குத் திறந்தது. அந்தத் தீர்ப்பும் செரோக்கியரைக் காக்கவில்லை. 1838இல் அவர்கள் படை கொண்டு மேற்கே விரட்டப்பட்டபோது ஏறத்தாழ 4,000 பேர் மாண்டனர் என்பது பரவலாகக் கூறப்படும் மதிப்பீடு. 1831இலேயே தெளிவான தீர்ப்பு வந்திருந்தால் வரலாறு மாறியிருக்கும் என்று அடித்துச் சொல்ல இயலாது. ஆயினும் அந்த ஓராண்டில் ஜார்ஜியா பெற்ற துணிவுக்கு நீதிமன்றத்தின் தள்ளுபடி உதவியது என்று கருதுவதற்கு இடமிருக்கிறது.

வெவ்வேறு மாநிலக் குடிமக்களுக்கு இடையிலான வழக்கு என்ற வகையும் இதே போன்ற கேள்வியைச் சந்தித்தது. குடிமக்கள் என்றால் யார்? 1844இல், ரயில்வே நிறுவனம் ஒன்றின் மீதான வழக்கில், ஒரு மாநிலத்தில் பதிவு பெற்ற நிறுவனத்தை இவ்விதியின் நோக்கத்துக்கு அம்மாநிலத்தின் குடிமகனைப் போலவே கருதலாம் என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து அதே நீதிமன்றத்தின் முன் அடிமையாக வைக்கப்பட்டிருந்த டிரெட் ஸ்காட் நின்றார். அடிமை முறை இல்லாத இல்லினாய் மாநிலத்திலும் விஸ்கான்சின் நிலப்பகுதியிலும் வாழ்ந்ததால் தாம் விடுதலை பெற்றவர் என்று அவர் 1846இல் மிசூரி மாநில நீதிமன்றத்தில் வழக்கு தொடுத்து, 1850இல் நடுவர் குழுவிடம் வென்று, 1852இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் தோற்றவர். பின்னர், எதிராளி நியூயார்க் குடிமகன் என்பதைக் காட்டிக் கூட்டாட்சி நீதிமன்றத்தை அணுகினார். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழித்தோன்றல்கள் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது, எனவே இந்த வழக்கைக் கேட்கும் அதிகாரமே இல்லை என்று 1857இல் தலைமை நீதிபதி ரோஜர் டானி எழுதினார். ரயில்வே நிறுவனத்துக்குக் கிடைத்த தகுதி ஒரு மனிதருக்கு மறுக்கப்பட்டது.

அதிகாரம் இல்லையென்றால் நீதிமன்றம் அத்தோடு பேனாவை மூடியிருக்க வேண்டும். டானியோ அதற்கு மேலும் சென்று, மேற்குப் பகுதிகளில் அடிமை முறையைத் தடை செய்த மிசூரி சமரசச் சட்டமே செல்லாது என்று அறிவித்தார். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி பெஞ்சமின் கர்ட்டிஸ் இதைத்தான் சுட்டிக்காட்டினார்: அதிகாரம் இல்லாத நீதிமன்றம் வழக்கின் சாரத்தைத் தொட முடியாது. எளியவரை வெளியேற்ற வரம்பைப் பயன்படுத்திவிட்டு, வலியவருக்கு உதவ அதே வரம்பை மீறிய இத்தீர்ப்பு, அமெரிக்க நீதித்துறையின் மிக மோசமான தீர்ப்பென்று ஏறக்குறைய ஒருமனதாகக் கருதப்படுகிறது. உள்நாட்டுப் போருக்குப் பின் 1868இல் நிறைவேறிய பதினான்காவது திருத்தம், அந்நாட்டில் பிறந்து அதன் ஆளுகைக்கு உட்பட்டவர்கள் எல்லோரும் குடிமக்களே என்று கூறி அதைத் துடைத்தெறிந்தது.

அதே 1868இல் காங்கிரஸ் வரம்பை வேறு விதமாகக் கையாண்டது. போரில் தோற்ற தென்மாநிலங்களில் நடந்த இராணுவ ஆட்சியைக் கண்டித்து எழுதியதற்காக, மிசிசிப்பி மாநிலத்தின் பத்திரிகையாசிரியர் வில்லியம் மெக்கார்டில் படையினரால் காவலில் வைக்கப்பட்டார். சட்டவிரோதக் காவலில் இருப்பவரை நீதிமன்றத்தின் முன் நிறுத்தக் கோரும் ஆள்கொணர்வு மனு, 1867ஆம் ஆண்டுச் சட்டத்தின் துணையோடு உச்ச நீதிமன்றம் வரை சென்று, வாதங்களும் நிறைவடைந்தன. தீர்ப்பு வந்தால் இராணுவ ஆட்சியே கேள்விக்குள்ளாகும் என்று அஞ்சிய காங்கிரஸ், குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சனின் மறுப்பையும் மீறி, அத்தகைய மேல்முறையீட்டைக் கேட்கும் அதிகாரத்தை ரத்து செய்தது. 1869இல் நீதிபதிகள் ஒருமனதாக வழக்கைக் கைவிட்டனர். விடுதலை பெற்ற கறுப்பின மக்களைக் காக்கவே அந்த ஆட்சி நடந்தது என்பதும், மெக்கார்டில் அதன் எதிரி என்பதும் உண்மை. ஆயினும் நோக்கம் நல்லது என்பதற்காக, வாதம் முடிந்த வழக்கை நீதிபதிகளின் கையிலிருந்து பறிப்பதை ஏற்றுக்கொண்டால், நோக்கம் தீயதாக இருக்கும் நாளில் தடுக்க ஏதும் மிஞ்சாது. மூன்றாண்டுகளுக்குள்ளாகவே, 1872ஆம் ஆண்டின் கிளைன் வழக்கில், குறிப்பிட்ட முடிவை நீதிமன்றத்தின் மீது திணிப்பதற்காக அதிகாரத்தைப் பறிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் ஒரு கோடு கிழித்ததற்கு இந்த உணர்வு காரணமாக இருந்திருக்கலாம்.

கூட்டாட்சிச் சட்டத்தின் அடிப்படையில் எழும் வழக்குகளுக்குப் பொதுவான கதவு திறந்தது 1875இல்தான். முதல் நீதித்துறைச் சட்டத்திலிருந்து கணக்கிட்டால் 86 ஆண்டுகள் கழித்து. அதையும் நீதிமன்றம் குறுக்கியே பொருள்கொண்டது என்பதற்கு மாட்லி தம்பதியின் வழக்கைவிடத் தெளிவான சான்று இல்லை. கென்டக்கியைச் சேர்ந்த எராஸ்மஸ், ஆனி மாட்லி இருவரும் 1871இல் ரயில் விபத்தில் காயமுற்று, நிறுவனத்தின் மீது வழக்கு தொடுக்காமலிருக்க ஆயுள் முழுவதும் இலவசப் பயணச் சீட்டு பெற்றனர். 1906இல் காங்கிரஸ் இலவசச் சீட்டுகளைத் தடை செய்ததைக் காட்டி, மறு ஆண்டில் நிறுவனம் சீட்டைப் புதுப்பிக்க மறுத்தது. ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரித் தம்பதியர் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்கு தொடுத்து வென்றனர். 1908இல் உச்ச நீதிமன்றம், எவரும் கேட்காமலேயே, அதிகாரம் இல்லை என்று வழக்கைத் தள்ளியது. காரணம் இதுதான்: வாதியின் கோரிக்கையே கூட்டாட்சிச் சட்டத்தின் மீது நிற்க வேண்டும், பிரதிவாதி அச்சட்டத்தைத் தற்காப்பாகக் காட்டுவார் என்று வாதி முன்கூட்டியே எழுதினால் போதாது. தம்பதியர் மாநில நீதிமன்றத்தில் முதலிலிருந்து தொடங்கி, அங்கும் வென்று, 1911இல் அதே உச்ச நீதிமன்றத்தில், அதே கேள்வியில் தோற்றனர். மூன்றாண்டு அலைச்சல் கொடுமைதான். என்றாலும் அவர்களுக்கு மாநில நீதிமன்றம் திறந்திருந்தது, அவர்களுடைய வாதம் இறுதியில் கேட்கப்பட்டது. செரோக்கியருக்கு நேர்ந்ததோடு இதை ஒன்றாக வைக்க இயலாது.

வரம்பு எளியவருக்குக் கேடயமான காலமும் உண்டு. வேலைநிறுத்தங்களை முறியடிக்க முதலாளிகள் கூட்டாட்சி நீதிபதிகளிடம் தடையாணை பெறுவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வழக்கமாயிற்று. 1894ஆம் ஆண்டு புல்மன் ரயில் வேலைநிறுத்தத்தில் கூட்டாட்சி நீதிமன்றத்தின் தடையாணையை மீறியதற்காகத் தொழிற்சங்கத் தலைவர் யூஜின் டெப்ஸ் சிறை சென்றார். 1932இல் நிறைவேறிய நாரிஸ் லாகார்டியா சட்டம், தொழில் தகராறுகளில் தடையாணை பிறப்பிக்கும் அதிகாரத்தைப் பெருமளவு விலக்கிக்கொண்டது. அதனால் எவருடைய நியாயமும் கேட்கப்படாமல் போகவில்லை. ஒரு தரப்பின் கையில் இருந்த சாட்டை மட்டுமே பறிக்கப்பட்டது. காங்கிரஸ் தன் அதிகாரத்தைச் சரியாகப் பயன்படுத்தியதற்கு இது தலைசிறந்த எடுத்துக்காட்டு.

தவறாகப் பயன்படுத்தியதற்கு எடுத்துக்காட்டு குவான்டனாமோ. கியூபாவில் உள்ள அந்தக் கடற்படைத் தளத்தில் 2002 முதல் அடைக்கப்பட்டோர் ஆள்கொணர்வு மனு தாக்கல் செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2004இல் கூறியது. காங்கிரஸ் 2005இலும் 2006இலும் இயற்றிய சட்டங்களால் அந்த அதிகாரத்தை நீக்கியது. அவர்களைக் கேட்க மாநில நீதிமன்றமும் இல்லை, கியூபா நீதிமன்றமும் இல்லை. இராணுவக் குழு ஒன்றின் முடிவும், அதன் மீது மிகக் குறுகலான மேலாய்வும்தான் இருந்தன. போஸ்னியாவில் பிடிபட்ட அல்ஜீரியரான லக்தர் பூமெதியன் தொடுத்த வழக்கில், 2008இல் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், போதிய மாற்று வழி தராமல் ஆள்கொணர்வு உரிமையை அகற்றியது அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பானது. அதன்பின் கீழமை நீதிபதி அவருக்கு எதிரான ஆதாரத்தை ஆராய்ந்து, அது போதாதென்று கண்டு, விடுவிக்க ஆணையிட்டார். ஏழாண்டுக்கும் மேற்பட்ட சிறைவாசத்துக்குப் பின் 2009இல் அவர் பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். ஒரு நீதிபதி காகிதங்களைப் புரட்டிப் பார்க்க அனுமதிக்கப்பட்ட சில மாதங்களில் வெளிப்பட்ட உண்மை அது.

இப்போது வரம்பைச் சுருக்கும் பணியைக் காங்கிரஸைவிட நீதிமன்றமே மும்முரமாகச் செய்கிறது. அதற்குக் கருவி, வழக்காடும் தகுதி என்ற கோட்பாடு: தனக்கென நேர்ந்த திட்டவட்டமான பாதிப்பைக் காட்டாதவர் வழக்கு தொடர முடியாது. வரி செலுத்துபவர் என்ற ஒரே காரணத்துக்காக அரசின் செலவை எதிர்க்க முடியாது என்று 1923இல் சொல்லப்பட்டபோது அதில் பொருள் இருந்தது. அரசியல் சண்டைகள் அனைத்தும் நீதிமன்றத்துக்கு வருவதை அது தடுத்தது. 2021ஆம் ஆண்டின் டிரான்ஸ்யூனியன் வழக்கில் அது வேறு உருவம் எடுத்தது. கடன் தகவல் நிறுவனம் ஒன்று, பயங்கரவாதிகள், போதைப்பொருள் கடத்துவோர் முதலானோரின் அரசுப் பட்டியலில் உள்ள பெயர்களோடு பெயரை மட்டும் ஒப்பிட்டு, 8,185 பேரின் கோப்புகளில் எச்சரிக்கைக் குறிப்பைச் சேர்த்திருந்தது. தகவலைச் சரியாக வைத்திருக்க நியாயமான முறைகளைக் கையாள வேண்டும் என்ற கடமையையும், மீறினால் இழப்பீடு கோரும் உரிமையையும் 1970இல் காங்கிரஸ் இயற்றிய சட்டம் தந்திருந்தது. ஆயினும், அந்தக் குறிப்பு வெளியாருக்கு அனுப்பப்பட்ட 1,853 பேருக்கு மட்டுமே பாதிப்பு உண்டு, குறிப்பு கோப்பில் மட்டும் கிடந்த எஞ்சியோருக்கு அக்குறைபாட்டுக்காக வழக்காடும் தகுதி இல்லை என்று ஐந்து நீதிபதிகள் முடிவு செய்தனர்.

நான்கு நீதிபதிகள் மாறுபட்டனர். அவர்களுக்காக எழுதியவர், நீதிமன்றத்தின் பழமைவாதிகளில் முதன்மையானவரான கிளாரன்ஸ் தாமஸ். இப்படிப்பட்ட வழக்குகளுக்கு இனி மாநில நீதிமன்றங்களே ஒரே இடமாகிவிடும் என்று அவர் எச்சரித்தார். மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட காங்கிரஸ் ஓர் உரிமையைப் படைத்து, அது மீறப்பட்டால் நீதிமன்றத்துக்குச் செல்லலாம் என்று எழுதியபின், அந்தப் பாதிப்பு போதுமானதன்று என்று நீதிபதிகள் சொல்வது வரம்பை மதிப்பதாகாது. வரம்பின் பெயரால் சட்டமியற்றுவோரின் இடத்தை எடுத்துக்கொள்வதாகும். எஞ்சிய அந்த 6,332 பேருக்கு, கூட்டாட்சிச் சட்டம் தந்த உரிமைக்காகக் கூட்டாட்சி நீதிமன்றத்தை அணுகும் வழி இன்று இல்லை.